கோட்டோரத்தில் நின்றவரின் நினைவைப் பதிவு செய்யும் முறை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், அரக்கோணம் என்று பழைய வடஆற்காட்டு ஊர்களில் கால்பந்து கிளப் நடத்தியவர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. மினிட் புத்தகம் கிடைத்தால் பெரிய பாக்கியம். கிடைத்தாலும் அதில் தீர்மானமும் வரவு செலவும்தான் இருக்கும். யார் கோல் போட்டார், யார் காலில் பட்டு பந்து வெளியே போனது, தோற்ற அன்று கூட்டம் எந்த வழியாக வீடு திரும்பியது, இதெல்லாம் கோட்டோரத்தில் நின்று பார்த்தவர்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அதனால் இந்த வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. ஒரு செல்போனும் ஒரு நோட்டும் நாலைந்து காலைப் பொழுதுகளும் இருந்தால் போதும், முறையாகச் செய்துவிடலாம்.

முறை என்று சொல்லக் காரணம் உண்டு. பேச்சைப் பதிவு செய்தவர்கள் பலர். அதில் முக்கால்வாசி பயன்படாமல் போவது கேட்ட கேள்வியால்தான். "எந்த வருஷம் ஐயா அந்த ஃபைனல்?" என்று தொடங்குவார்கள். அவரும் மரியாதைக்கு ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அதை விட்டுக் கீழே இறங்க மாட்டார், மற்ற நினைவுகளையெல்லாம் அந்த வருஷத்துக்குள் திணிக்கத் தொடங்கிவிடுவார். பல ஆண்டு ஆட்டம் பார்த்தவருக்குப் பிசகுவது மூன்று: ஆண்டு, கோல் எண்ணிக்கை, எந்தச் சுற்று என்பது. அரையிறுதியும் இறுதியும் ஒன்றாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டு ஒரே அணியோடு மோதியிருந்தால் இரண்டும் ஒரே ஆட்டமாகக் கலந்துவிடும். பிசகாதவையும் உண்டு: எங்கே நின்றார், பக்கத்தில் யார், வெயில் எந்தக் கண்ணில் அடித்தது, டிக்கெட் என்ன விலை, பந்து எப்படி இருந்தது. ஆகவே பொருளையும் இடத்தையும் அவரிடம் கேளுங்கள். ஆண்டை நீங்கள் கண்டுபிடியுங்கள்.

உட்காரும் முன்

நேரம்தான் முதல் வேலை. வேலூர் வெயிலில் மின்விசிறி இல்லாமல் பெரியவரை உட்கார வைக்க முடியாது, விசிறி ஓடினால் பதிவு முழுக்கக் காற்று இரையும். காலை 7 முதல் 9 வரை வைத்துக்கொண்டால் விசிறியை ஒன்றில் வைத்துச் சமாளிக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போகவே போகாதீர்கள். மாத்திரை போடும் நேரம், தொழுகை நேரம், வீட்டில் டிவி தொடர் ஓடும் நேரம் மூன்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவே பாங்கு சொன்னால் பதிவை நிறுத்திவிட்டு அமைதியாக இருங்கள், முடிந்ததும் விட்ட இடத்தை நினைவுபடுத்தித் தொடருங்கள்.

போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும், அறுந்ததே தெரியாமல் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள். போனை மேசை மேல் வெறுமனே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம், கை தட்டும் சத்தம் எல்லாம் இடிபோல் ஏறும். நாலாக மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில், விசிறிக் காற்று நேரே படாத பக்கமாக வையுங்கள். வேவ் வடிவத்தில் பதியும் செயலி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒற்றைத் தடமாக 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 318 எம்.பி. பிடிக்கும். எனவே போனில் குறைந்தது 2 ஜி.பி. காலியிடம் வேண்டும். ஒரு நிமிடம் பேசவிட்டு இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தொடங்கியதும் தேதி, ஊர், தெரு, யார் யார் இருக்கிறார்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். கோப்பின் பெயர் பின்னால் மாறிப்போனாலும் குரலுக்குள் விவரம் இருக்கும். பதிவு செய்யவும் பிறருக்குக் கொடுக்கவும் சம்மதமா என்பதையும் அங்கேயே கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு அமர்வு 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி. இரண்டாவது அமர்வை ஒரு வாரம் கழித்து வைக்க வேண்டும். இதில் சுருக்குவழி கிடையாது. முதல் நாள் பேச்சு ஒரு கிணற்றைக் கலக்கிவிடும், அடுத்த நாலைந்து நாளில் பெயர்கள் தானாக மேலே மிதந்து வரும். இரண்டாம் நாள் உட்கார்ந்ததும் "அன்னிக்கு ஒரு பேர் விட்டுட்டேன்" என்றுதான் தொடங்குவார்கள்.

கேட்கும் விதம்

பேச்சுத் தமிழில் கேளுங்கள். எழுதி வைத்த வாக்கியத்தை வாசித்தால் அவரும் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார். "ஐயா, வீட்டுல இருந்து கிரவுண்டுக்கு எந்த வழியாப் போவீங்க?" என்பது நல்ல முதல் கேள்வி. வழியைச் சொல்லத் தொடங்கினால் டீக்கடை வரும், டீக்கடை வந்தால் கூட வந்தவர் வருவார், கூட வந்தவர் வந்தால் அவர் எந்த ஆட்டக்காரருக்காக சண்டை போட்டார் என்பது வரும். "எந்தப் பக்கம் நிப்பீங்க?", "பந்து யாரு வீட்டுல இருக்கும்?", "டிக்கெட்டா, துண்டு ஏந்தி வசூலா?", "ஜெயிச்சா ஊர்வலம் எந்தத் தெரு வழியாப் போகும்?", "அணியோட வெளியூருக்கு எதுல போனீங்க, சோறு எங்க சாப்பிட்டீங்க?" எல்லாமே இடம், பொருள், ஆள் பற்றிய கேள்விகள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் பெரியவரை "பாய்" என்று அழைத்தே பேசலாம். அவர் நடுநடுவே உருதுவுக்குப் போனால் தடுக்காதீர்கள், கோபமும் பாராட்டும் அந்த மொழியில்தான் வரும். தெலுங்கு பேசும் வீடுகளிலும் அப்படியே. மொழி தெரிந்தவரைப் பின்னால் வைத்து எழுதிக்கொள்ளலாம்.

அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள்தான் நல்ல விவரம் வரும். தப்பாகச் சொன்னாலும் அங்கேயே திருத்தக் கூடாது. ஒருமுறை திருத்திவிட்டால் அதற்குப் பின் ஒவ்வொன்றையும் "அப்படித்தானே?" என்று உங்களிடமே கேட்பார்.

அணியை வரவழைக்க ஒரு உறுதியான வழி உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் பதினோரு வட்டம் போடுங்கள்: கீழே கோல் காக்கும் கோலி ஒன்று, அதன் மேல் பேக் இரண்டு, அதற்கு மேல் ஆஃப் மூன்று, உச்சியில் ஃபார்வர்ட் ஐந்து. 1950, 60களில் ஆட்டம் பார்த்தவருக்கு இதுதான் அணி. ரைட் அவுட், ரைட் இன், சென்டர் ஃபார்வர்ட், லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட் என்று வட்டத்தைத் தொட்டுத் தொட்டுக் கேளுங்கள். "சொல்லுங்க, யார் யார் ஆடினாங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் நாலு பெயரோடு நிற்பவர், வட்டத்தைத் தொட்டால் ஒன்பது பெயர் சொல்வார். அவரே தாளை வாங்கிப் பின்னால் நாலு பேக் போட்டுக் காட்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியா நாலு பேக் வைத்து ஆடப் பழகியது சையத் அப்துல் ரஹீம் பயிற்சியில். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது அந்த அணிதான். மாவட்டத்துக்கு அது வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். எழுவர் ஆட்டமென்றால் ஏழு வட்டத்தையும் அவரையே போடச் சொல்லுங்கள், ஊருக்கு ஊர் நிறுத்தும் விதம் வேறு.

பெயர் சொல்லும்போது பட்டப்பெயர்தான் முதலில் வரும். பட்டப்பெயர், வீட்டில் அழைத்த பெயர், நோட்டீஸில் போட்ட பெயர் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒரே ஆளை மூன்று ஆட்டக்காரராக எண்ணிப் பட்டியல் போடும் பிழை இங்கேதான் நடக்கிறது.

இன்னொரு தாளில் மைதானத்தை வரையச் சொல்லுங்கள். கோல் கம்பம் எந்த எந்தப் பக்கம், மரம் எங்கே, கிணறோ குழாயோ எங்கே, பெண்கள் பார்க்க இடம் இருந்ததா, கூட்டம் கோட்டுக்குள் வந்தால் யார் கயிறு பிடிப்பார். நடக்க முடிகிறவர் என்றால் கோட்டை மைதானத்துக்கோ, அவர் ஆட்டம் பார்த்த பாலாற்று மணல் பக்கமோ, பள்ளி மைதானத்துக்கோ மாலை நாலரை மணிக்கு அழைத்துப் போங்கள். இப்போது அங்கே கட்டடம் இருந்தாலும் பரவாயில்லை. தான் நின்ற இடத்தில் நிற்கும்போது திசை சரியாக வந்துவிடும்.

பந்தைக் கையால் சொல்ல விடுங்கள்

வீடியோ ஓட வேண்டிய ஒரே இடம் இதுதான். பழைய தோல் பந்தில் ஒரு பிளவு இருக்கும், உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்த பிறகு பிளாடரின் குழலை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, தோல் நாக்குக்கு அடியில் தள்ளி, தோல் வாரை ஊசியால் கோத்து இழுப்பார்கள். லேஸ் சரியாகப் படியாவிட்டால் பந்து ஒரு பக்கம் புடைக்கும், உருளும்போது துள்ளும். லேஸ் இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். மழையில் தோல் தண்ணீர் குடித்துக் கனக்கும், அதற்குக் கொழுப்போ மெழுகோ தடவி வைப்பார்கள். காய்ந்த பந்தின் எடை விதிப்படி 14 முதல் 16 அவுன்ஸ். நனைந்த பந்தின் எடைக்கு விதி இல்லை.

இதையெல்லாம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு தேங்காயையோ சுருட்டிய துணியையோ கையில் கொடுத்து, "பந்துக்கு எப்படிக் காத்தடிப்பீங்க, காட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கேமராவை முகத்துக்கு வேண்டாம், இரண்டு கைக்கும் நேரே வையுங்கள். பலர் பேச்சில் விட்ட விவரத்தைக் கட்டைவிரல் சொல்லிவிடும்: குழலை எந்தப் பக்கம் மடித்தார், பல்லால் நூலை இழுத்தாரா, கடைசி முடிச்சை எங்கே ஒளித்தார். பந்து எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இந்தியாவில் பந்து தைக்கும் தொழில் பெரும்பாலும் ஜலந்தர், மீரட் பக்கம். தேசப் பிரிவினைக்கு முன் சியால்கோட். நம் பக்கத்தில் தோல் ஷாப்புகள் நிறைந்திருந்தாலும் அவை பதனிடும் தொழில். ஆனால் கிழிந்த பந்தைத் தைத்துக் கொடுத்த ஆள் ஊரிலேயே இருந்திருப்பார், அவர் யார் என்பது பதிவாக வேண்டும்.

காலணியை வைத்து ஆண்டைக் கணிக்க வேண்டாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு இந்திய அளவில் பூட்ஸ் கட்டாயமானது. ஊர் மைதானத்தில் வெறுங்காலும் ஆங்க்லெட் என்ற கணுக்கால் உறையும் அதற்குப் பின் வெகுகாலம் நீடித்தன.

ஆண்டைக் கண்டுபிடிக்கும் வேலை

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் ஊரே மறக்காத சம்பவங்களை வைத்து முன்னா பின்னா என்று கேளுங்கள். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. நெருக்கடி நிலை 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மீண்டும் எழுந்தருளச் செய்தது 1981 மார்ச். வேலூர்க்காரருக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். கோட்டைச் சிறப்பு முகாமிலிருந்து புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பியது 1995 ஆகஸ்ட். "ஜலகண்டேஸ்வரர் வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். இரண்டு பதில் கிடைத்தால் ஒரு முன் எல்லையும் பின் எல்லையும் கிடைத்துவிட்டது.

அடுத்து விதிகள். ரெஃப்ரி மஞ்சள், சிவப்பு அட்டை காட்டியது உலகக் கோப்பையில் முதலில் 1970இல். மாற்று ஆட்டக்காரர் உலகக் கோப்பையில் வந்ததும் அப்போதே. சமநிலை ஆனால் பெனால்டி அடித்து முடிவு செய்வது விதிப்புத்தகத்தில் ஏறியதும் 1970. அதற்கு முன் மறு ஆட்டம் அல்லது சீட்டு, நாணயம். தன் அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தை, அதாவது பேக் பாஸை, கோலி கையால் எடுக்கக் கூடாது என்றது 1992. லைன்ஸ்மேன் என்ற பெயர் உதவி நடுவர் ஆனது 1996. இவையெல்லாம் "இதற்கு முன் இருக்க முடியாது" என்று மட்டுமே சொல்லும். மாவட்டப் போட்டிக்கு விதி தாமதமாக வரும், எனவே "சிவப்பு அட்டை காட்டினாங்க" என்றால் 1970க்குப் பிறகு என்று எழுதுங்கள், 1970 என்று எழுதாதீர்கள். கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் கோல்டன் கோல் மட்டும் இரண்டு பக்கமும் அடைக்கும்: 1993இல் வந்தது, 2004இல் போய்விட்டது.

காசு. இதில் பலர் ஏமாறுகிறார்கள். "நாலணா டிக்கெட்" என்று சொன்னதும் 1957க்கு முன் என்று எழுதிவிடுவார்கள். தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1 என்பது சரி. ஆனால் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் நம் பக்கத்தில் அதற்குப் பின் பல பத்தாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் வரும் அணாவுக்கு மதிப்பு இல்லை, அச்சில் வரும் அணாவுக்கு உண்டு. அச்சில் "ந.பை." (நயா பைசா) என்றிருந்தால் 1957 முதல் 1964 வரைக்குள் தேடலாம், 1964 ஜூனில் 'நயா' கைவிடப்பட்டது.

மாவட்டப் பெயர் நல்ல சாட்சி. 1989 செப்டம்பருக்கு முன் "வடஆற்காடு மாவட்ட அணி" என்றால் திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு ஆட்டக்காரர்களும் அதில் உண்டு. இன்றைய வேலூர் மாவட்டத்தை மனதில் வைத்து அவர்களை "வெளி மாவட்டத்தார்" என்று எழுதிவிடாதீர்கள். 1989இல் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிரிந்த பின் மிச்சம் இருந்தது வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1997இல் தலைவர் பெயர்கள் எடுக்கப்பட்டபோது அது வேலூர் மாவட்டம். அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது 2019இல். "அழகிரி பஸ்ஸில் போனோம்" என்றால் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். அந்தப் பெயரும் 1997இல் போய்விட்டது.

நோன்பு ஒரு அருமையான அளவுகோல். இஸ்லாமிய ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் ரமலான் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும், ஒரு சுற்று முடிய 33 ஆண்டு ஆகும். "மாம்பழ சீசன், நோன்பு நேரம், தண்ணி குடிக்காம ஆடினாங்க" என்று ஒரு பாய் சொன்னால் மே மாதத்தில் நோன்பு இருந்த ஆண்டுகளை எடுங்கள்: 1952 முதல் 1956 வரை, பிறகு 1985 முதல் 1989 வரை. அவர் வயதை வைத்து இரண்டில் ஒன்று தானாக விழுந்துவிடும். குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா இப்படி நகராது, வைகாசி முதல் நாளில் நிற்கும். அதனால் அது மாதத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

டிவியில் பார்த்ததையும் மைதானத்தில் பார்த்ததையும் கலப்பவர்கள் உண்டு. நேரத்தைக் கேட்டால் பிரிந்துவிடும். 1986 மெக்சிகோவில் நண்பகல் ஆட்டம் நமக்கு இரவு 11.30. மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகப் போட்ட கோலைச் "சாயங்காலம் பார்த்தேன்" என்றால் அது மறு ஒளிபரப்பு. இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரைக்கு உட்கார்ந்தோம் என்றால் 1990 இத்தாலியாக இருக்கலாம், அங்கே மாலை 5 மணி ஆட்டம் நமக்கு 8.30.

நோட்டீஸ், படம், சான்றிதழ்

நோட்டீஸ் ஒன்று கிடைத்தால் பத்துப் பேச்சுக்குச் சமம். அதில் ஆண்டு இல்லாமல் "வருகிற ஞாயிறு" என்று மட்டும் இருந்தாலும் துப்பு உண்டு. பின்கோடு ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தால் எந்தெந்த ஆண்டில் அந்தத் தேதி அந்தக் கிழமையில் வந்தது என்று போனிலேயே பார்த்துவிடலாம். கிளப்பின் பதிவு எண்ணில் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பதிவான ஆண்டு. எழுத்தைப் பாருங்கள்: ணை, லை, னை, ணா, றா, னா பழைய வடிவில் இருந்தால் பழையது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தாலும் ஈயஎழுத்தை மாற்றப் பணமில்லாத சின்ன அச்சகங்கள் பழையதையே ஓட்டின. புதிய வடிவம் இருந்தால் பெரும்பாலும் 1978க்குப் பிந்தியது. அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

குழுப் படத்தை இப்படி வாசியுங்கள். முதலில் பந்து: நடுவில் உட்கார்ந்திருப்பவர் மடியில் உள்ள பந்தில் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ ஆண்டு எழுதியிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கருப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமும் உள்ள பந்து 1970 உலகக் கோப்பைக்குப் பிறகே உலகெங்கும் பரவியது. லேஸ் வைத்த பந்து இருந்தால் அதை வைத்துப் பின் எல்லை போடாதீர்கள், படமெடுக்க ஸ்டூடியோவுக்குப் பழைய பந்தைக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. பிறகு கேடயத்தில் பொறித்திருப்பது, பின்சுவரில் எழுத்து, வெளிச்சம் வரும் பக்கம். கடைசியாக முதுகுப் பக்கம்: ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு. முதுகையும் படமெடுக்காமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

படத்தைப் பிரதி எடுக்கத் திண்ணை வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், நேர் வெயில் வேண்டாம். படம் தரையில், போன் அதற்கு நேர் மேலே, நாலு ஓரமும் திரையில் சமமாகத் தெரியும்படி. ஸ்கேனர் கிடைத்தால் போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ, தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் ஒட்டியிருக்கும், இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து, கருப்புத் துணியை எதிரே பிடித்து மறுஒளியை மறைத்துப் படமெடுங்கள். பழைய செல்லோடேப்பையும் உரிக்காதீர்கள்.

லேமினேஷன் செய்துவிடலாம் என்று வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சூடும் பசையும் ஏறினால் திரும்ப எடுக்க வழியில்லை, சில ஆண்டில் உள்ளே பழுப்பேறும். வெள்ளைத் தாள் உறையில் தனித்தனியாக வைத்து, இரும்புப் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். இராமபாணப் பூச்சி வருமென்று அந்துருண்டையைப் படத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறிப் பார்ப்பதே போதும். பெயர் எழுத 2பி பென்சில், பின்பக்கம், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் முகத்தில் கோடாகத் தெரியும்.

ஒத்துப் பார்ப்பது

இரண்டு நண்பர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் பேச்சு களைகட்டும், ஆனால் முதலிலேயே சேர்த்து வைக்கக் கூடாது. குரல் பெரியவர் சொன்னதே இருவரின் நினைவுமாகிவிடும். தனித்தனியே முடித்துவிட்டு மூன்றாவது அமர்வில் சேருங்கள். அங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கும்போது இருவர் கூற்றையும் அப்படியே எழுதுங்கள். நடுவராகத் தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

எதிரணி ஊரிலும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தோற்ற அணியின் ரசிகருக்குத்தான் கோல் எண்ணிக்கை சரியாக நினைவிருக்கும்.

காகிதச் சான்றுக்குக் கல்லூரி ஆண்டு மலர்கள் முதலிடம். வேலூர் ஊரிசுக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் போன்ற பழைய கல்லூரிகளில் ஆடியவர்களே ஊர் கிளப்பிலும் ஆடினார்கள். எனவே கல்லூரி அணிப் பட்டியலில் முழுப் பெயர் கிடைக்கும், பட்டப்பெயர்ச் சிக்கல் அவிழும். கல்லூரி தொடங்கிய ஆண்டும் உதவும்: மேல்விஷாரம் கல்லூரி 1965இல் வந்தது, அதற்கு முந்தைய ஆட்டத்தில் "ஹக்கீம் காலேஜ் பையன்" இருக்க முடியாது. நாளிதழ்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகம் போகலாம். ஆண்டை இரண்டு மூன்றுக்குள் சுருக்கிய பிறகு போங்கள், கையில் மாதமும் இல்லாமல் போனால் நாள் முழுக்கப் புரட்டி வெறுங்கையோடு வருவீர்கள்.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். அன்றன்றே பாதியாவது எழுதிவிடுங்கள். பேச்சு வழக்கை இலக்கணத் தமிழாக்க வேண்டாம். "கோலு விட்டுட்டான்" என்பதை "கோல் அடிக்கத் தவறினார்" என்று எழுதினால் அர்த்தமே மாறுகிறது. விட்டவர் கோலியாகவும் இருக்கலாம். புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், நிமிடம் விநாடி குறித்து விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி: அவர் சொன்னது, காகிதத்தில் இருப்பது, ஒத்துவராதது. ஆண்டை எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "இறுதி ஆட்டம், 1972 ஆகஸ்டுக்கும் 1981 மார்ச்சுக்கும் இடையில். நோட்டீஸில் பின்கோடு உள்ளது. ஜலகண்டேஸ்வரர் வருவதற்கு முன் என்கிறார்." பின்னால் வருபவர் புதிய நோட்டீஸ் ஒன்றைக் கண்டால் இந்த எல்லையை இன்னும் சுருக்கலாம். வெறுமனே "1976" என்று எழுதிவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

ரெஃப்ரி காசு வாங்கினார், இன்னார் வேண்டுமென்றே தோற்றார், இரண்டு தெரு அடித்துக்கொண்டது என்று கட்டாயம் வரும். பதிவிலிருந்து அழிக்காதீர்கள், ஆனால் பரப்பும் பிரதியில் சேர்க்காதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில்தான் இருக்கின்றன. சொன்னவரிடமே பின்னர் தனியாகக் கேட்டு, எதை வெளியில் கொடுக்கலாம் என்று கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் 16 புள்ளி எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, அகலமான ஓரம் விட்டு அவரிடம் கொடுங்கள். கூடவே ஒரு பென்சில். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கும்போதும் பதிவு ஓடட்டும். திருத்தம் சொல்லத் தொடங்கி ஒரு முழு ஆட்டத்தையே புதிதாகச் சொல்வார்கள்.

கடைசியாக, பிரதிகள். ஒலிக்கோப்பை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் இறங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் தேதி முதலில், பிறகு ஊர், பிறகு அமர்வு எண். ஒரு பிரதி அவர் வீட்டில், ஒன்று கிளப் அலுவலகத்திலோ பள்ளி நூலகத்திலோ, ஒன்று இணையச் சேமிப்பில். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். அதைத் தாள் உறையில் போட்டு, மேலே அவர் பெயர், தேதி, உள்ளே எத்தனை கோப்பு என்று எழுதி, அச்சுப் பிரதியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு ஒழிக்கும்போது ஒருமுறை கணினியில் செருகி, எல்லாக் கோப்பும் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் அன்றே இன்னொரு பிரதியிலிருந்து புதியது எடுத்துவிடலாம்.